துளைநீர் ஐசோடோப்பு லேப்: இரண்டு பார்சல் அனுப்பிய அனுபவம்

ஜெர்மனியில் கீல் நகரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். பக்கத்து எக்கர்ன்ஃபோர்டே விரிகுடாவின் சேற்றிலிருந்து எடுத்த துளைநீரையும் (சேற்றுத் துகள்களின் இடுக்கில் இருக்கும் நீர்) மீத்தேனையும் கார்பன் ஐசோடோப்பு (லேசான கார்பன்-12க்கு எதிராகக் கனமான கார்பன்-13 எவ்வளவு என்பது) அளக்க ஒரு தனியார் லேபுக்கு இரண்டு முறை அனுப்பினேன். குறையும் சொல்ல இருப்பதால் பெயர் வேண்டாம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நுண்ணுயிர்கள் குப்பிக்குள் வேலையைத் தொடராமல் இருக்க மெர்குரிக் குளோரைடு என்ற பாதரச உப்பைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். பாதரசம் கலந்த மாதிரியை இவர்கள் வாங்குவதில்லை, அது படிவத்தில் எங்கேயும் இல்லை. முதல் பார்சல் அப்படியே திரும்பி வந்தது, ஒரு கோர் (குழாய் இறக்கி எடுத்த சேற்றுத் தூண்) முழுக்க வீண். ஆக்சிஜன் படாத கறுப்புச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து, ஆழம் ஆழமாகச் சொட்டுச் சொட்டாய் நீர் உறிஞ்சி எடுத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இரண்டாம் முறை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, குப்பியைத் தளும்பத் தளும்ப நிரப்பி, குளிரில் வைத்து அனுப்பினேன். இந்தத் தடவை வேலை அருமை. ஒரே ஆழத்து இரண்டு குப்பிகளில் ஒன்று மட்டும் கனமான எண் காட்டியிருக்கிறது. சராசரி போட்டு அனுப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் போன் செய்து, அந்தக் குப்பியின் ரப்பர் மூடிக்கு அடியில் குமிழி இருந்ததைச் சொல்லி, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டார்கள். லேசான கார்பன் டை ஆக்சைடு குமிழிக்குள் போய்விட்டால் நீரில் மிஞ்சுவது கனமாகத்தானே தெரியும்!

அந்த ஆழம்தான் எனக்கு உயிர். சேற்றில் வந்து படியும் கடல் மிதவைப் பாசியின் கார்பன் சுமார் மைனஸ் 20 பெர் மில் (ஆயிரத்தில் இத்தனை பங்கு என்ற அளவு; மைனஸ் கூடக் கூட கார்பன் லேசு). சேற்றின் ஆழத்தில் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போலத் தெரியும் வேறு வகை நுண்ணுயிர்கள்) லேசான கார்பனையே விரும்பி எடுத்து மீத்தேன் ஆக்குவதால் அது மைனஸ் 60க்கும் கீழே போகும், மிச்சக் கரைந்த கார்பன் கனமாகிவிடும். மேலே ஏறும் மீத்தேன் கடல்நீரிலிருந்து இறங்கும் சல்ஃபேட்டைச் சந்திக்கும் இடத்தில், வேறு வகை ஆர்க்கியாக்களும் சல்ஃபேட் ஒடுக்கும் பாக்டீரியாக்களும் கூட்டாக அதைத் தின்கின்றன. அந்த லேசான கார்பன் துளைநீரில் சேர்வதால் வரைபடம் அங்கேதான் பள்ளமாக இறங்கும். ஒரு தப்பான எண் போதும், பள்ளம் ஆழம் குறைந்து, தின்பவர்கள் அங்கே குறைவு என்று எழுதிவிடுவோம்.

முடிவு வர ஆறு வாரம் ஆனது. ஸ்டாண்டர்டுகளை (மதிப்பு முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகள்) அளந்த எண்களையும் கேட்காமலே சேர்த்து அனுப்பினார்கள். அடுத்த கோரும் இவர்களுக்குத்தான். நீங்கள் எந்த லேபுக்கு அனுப்பினாலும் சரி, பாதரசம் வாங்குவார்களா என்று கேட்டுவிட்டுக் குப்பியைத் திறங்கள்.