ஸ்கேன் தரவின் மீது பரப்பு: தானியங்கிப் பொருத்தமா, கைப்பொருத்தமா?

ஒரு பாகத்தை முப்பரிமாண ஸ்கேனரால் பதிவுசெய்து, அதிலிருந்து கணினி மாதிரியை உருவாக்கும்போது எழும் கேள்வி இது. ஸ்கேனரிலிருந்து வரும் எஸ்டிஎல் (STL) கோப்பில் இருப்பவை, பாகத்தின் வடிவத்தைக் காட்டும் சிறு முக்கோணங்கள் மட்டுமே. அவற்றின் மீது கேட் (CAD, கணினி வடிவமைப்பு) மென்பொருளே பரப்பை விரிக்கட்டுமா, தளம், உருளை என நாமே ஒவ்வொன்றாகப் பொருத்தலாமா என்று பலர் தயங்குகிறார்கள்.

நேரம்: தானியங்கி முறை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும், கைமுறையில் ஒரு பம்ப் உறைக்கே அரை நாள் போகலாம்.

துல்லியம்: ஏமாற்றம் இங்குதான் நேர்கிறது. தானியங்கிப் பரப்பு முக்கோண வலையை ஒட்டியே செல்வதால் விலகல் வண்ணப்படம் (ஸ்கேனுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டை நிறத்தால் காட்டும் படம்) முழுக்கப் பச்சையாக, அதாவது வேறுபாடே இல்லாததுபோலத் தெரியும். ஆனால் தேய்மானமும், வார்ப்பின் சொரசொரப்பும், ஸ்கேனரின் பிசிறும் அந்தப் பச்சைக்குள்ளேயே பதிந்திருக்கும். 6205 என்ற அளவுக் குறியுள்ள பேரிங்கின் வெளிவிட்டம் 52 மி.மீ.; அது அமரும் துளை தேய்ந்து 52.08 எனப் பதிவாகியிருந்தால், கைமுறையில் அதை உருளையாகப் பொருத்தி, அளவை 52க்குத் திருத்தி, அச்சை முகப்புத் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்த முடியும்.

திருத்தம்: தானியங்கி மாதிரி நூற்றுக்கணக்கான ஒட்டுகளால் (சிறு பரப்புத் துண்டுகளால்) ஆனது, அதில் ஒரு துளையை நகர்த்துவதே பெரும்பாடு. கைமுறையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

சிற்பம், செயற்கைக்கால் குழி போன்ற வடிவங்களுக்குத் தானியங்கி முறையே பொருந்தும். கடைசல் செய்து மற்றொன்றோடு இணைக்கவேண்டிய பாகம் எதுவானாலும் கைமுறையையே பரிந்துரைப்பேன். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்கு மட்டும் இரண்டும் தேவை: இறக்கைகளுக்குத் தானியங்கிப் பரப்பு, நடுத்துளைக்கும், அதைத் தண்டோடு பூட்டும் சாவி அமரும் சாவிப்பள்ளத்துக்கும் கைப்பொருத்தம்.