பெர்மிட்டா, திறந்த போட்டியா, கிலோமீட்டர் ஒப்பந்தமா?

பேருந்துச் சீர்திருத்தம் என்றாலே பேச்சு அரசா தனியாரா என்பதில் போய் நின்றுவிடுகிறது. வசூல் குறையும் நாளில் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டிரைவர் வண்டியை எப்படி ஓட்டுவார் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

வழித்தட பெர்மிட்

ஒரு வண்டிக்கு ஒரு ரூட், ஒரு டைமிங். இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் 5 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வசூல் முழுவதும் உரிமையாளருக்கே போவதால் அரசுக்கு ஓட்டும் செலவு இல்லை. இந்த முறையின் பெரிய பலம் அது.

ஆனால் முன்வண்டி ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு பயணியும் பின்வண்டிக்கு இழப்பு. டிரைவர், கண்டக்டர் பேட்டாவும் வசூலைப் பொறுத்தது என்றால் கூட்டமான நிறுத்தத்தில் வண்டி நகராது. பின்வண்டி கண்ணில் பட்டதும் பறக்கும். ஆள் குறைவான கடைசி டிரிப் ரத்தாகும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இதற்குச் 'சில்லறைக் காசுப் போர்' என்றே பெயர் வைத்தார்கள். எத்தனை அபராதம் போட்டாலும் இது அடங்காது, ஏனென்றால் காரணம் டிரைவரின் குணத்தில் இல்லை, கூலி கொடுக்கும் முறையில் இருக்கிறது.

திறந்த போட்டி

பிரிட்டன் 1985 சட்டத்தின் மூலம் 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே ரூட்டை எல்லா நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. 42 நாள் முன்னறிவிப்பு கொடுத்துப் பதிவு செய்தால் சேவை தொடங்கலாம், நிறுத்தவும் செய்யலாம் என்று அப்போது விதி வந்தது. வசூல் கொழிக்கும் சாலைகளில் வண்டிகள் குவிந்தன. லாபமில்லாத இரவு, ஞாயிறு டிரிப்புகளை உள்ளாட்சிகள் பணம் கொடுத்து ஓட்ட வேண்டியதாயிற்று. மான்செஸ்டர் பெருநகரம் 2023 செப்டம்பர் முதல் 2025 ஜனவரிக்குள் பேருந்துகளைப் படிப்படியாகத் தன் கட்டுப்பாட்டுக்கு மீட்டது. நிறுத்தத்தில் நிற்பவர் முதலில் வரும் வண்டியில்தான் ஏறுவார், கட்டணம் குறைந்த அடுத்த வண்டிக்காகக் காத்திருக்க மாட்டார். ஆகவே விலைப்போட்டி இங்கே வேலை செய்யாது. இந்த வழியை ஒதுக்கிவிடலாம் என்பதே எங்கள் கருத்து.

கிலோமீட்டர் ஒப்பந்தம்

ரூட்டும் நேரமும் கட்டணமும் அரசின் போக்குவரத்து ஆணையத்தின் கையில். வசூலும் அதற்கே. வண்டி ஓட்டும் நிறுவனம், ஓட்டிய கிலோமீட்டருக்குப் பணம் வாங்குகிறது. லண்டன் டெண்டர் மூலம் இப்படித்தான் நடத்துகிறது. தென்கொரியத் தலைநகர் சோல் 2004இல் இதே திசைக்குத் திரும்பியது. சிங்கப்பூர் 2016இல் மாறியபோது பேருந்தையும் டிப்போவையும் அரசே வைத்துக்கொண்டது. 5 ஆண்டு ஒப்பந்தம், நன்றாக ஓட்டினால் மேலும் 2 ஆண்டு.

டிப்போ யாருடையது என்பதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடக் கூடாது. ரூட் தொடங்கும் இடத்துக்கு அருகில் டிப்போ வைத்திருப்பவருக்கு வெறும் வண்டியாக ஓடும் தூரம் குறைவு, அதனால் ஒவ்வொரு டெண்டரிலும் அவரே ஜெயிப்பார். டிப்போ பொதுவில் இருந்தால்தான் டெண்டர் உண்மையான போட்டியாகும்.

அடுத்தது அளவுகோல். ஓடிய கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே வண்டிகள் 18 நிமிடம், 2 நிமிடம் என்று ஜோடியாக வந்தால்? நீண்ட இடைவெளியில் வந்து நிற்பவர்களும் அதிகம், அவர்கள் நிற்கும் நேரமும் அதிகம் என்பதால் இடைவெளிகளை வர்க்கப்படுத்திக் கணக்கிட வேண்டும். 18இன் வர்க்கம் 324, 2இன் வர்க்கம் 4, கூட்டினால் 328. இதை இரண்டு இடைவெளிகளின் கூட்டுத்தொகையின் இருமடங்கான 40ஆல் வகுத்தால் 8.2 நிமிடம். ஒரு டிரிப்கூட ரத்தாகவில்லை, ஆனாலும் பயணி 3.2 நிமிடம் அதிகம் நிற்கிறார். லண்டன் அடிக்கடி வரும் ரூட்களில் இந்தக் கூடுதல் காத்திருப்பை அளந்தே ஊக்கத்தொகையும் பிடித்தமும் போடுகிறது. ஜி.பி.எஸ். பதிவு ஆணையத்தின் சர்வருக்கு நேராக வர வேண்டும். நிறுவனம் தொகுத்து அனுப்பும் பட்டியலை வைத்துப் பணம் கொடுக்கக் கூடாது.

இந்த முறையின் ஓட்டைகளும் தெரிந்தவைதான். வசூல் தன்னுடையது இல்லை என்றானதும் டிக்கெட் போடுவதில் நிறுவனத்துக்கு அக்கறை போய்விடும். ஆணையமே பரிசோதகர்களை அனுப்ப வேண்டும். டீசல், சம்பளம், உதிரிபாகம் மூன்றுக்கும் தனித்தனி விகிதம் வைத்துக் கிலோமீட்டர் விலையைத் திருத்தாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது பராமரிப்பு. ஆணையம் பில்லை இழுத்தடித்தாலும் அதே கதி, ஆகவே சில மாதப் பில்லுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் இதே ஒப்பந்தம், இதே பிடித்தம். தானே ஓட்டித் தானே நடுவராக இருப்பவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

மாறும்போது

சிலியின் தலைநகர் சாண்டியாகோ 2007 பிப்ரவரியில் நகரம் முழுவதையும் ஒரே நாளில் புதிய ஒப்பந்த முறைக்கு மாற்றியது. வண்டிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு தயாராகவில்லை. தொடக்க ஒப்பந்தங்கள் வருமானத்துக்குப் பெருமளவு உத்தரவாதம் தந்ததால் எல்லா வண்டியையும் வெளியே எடுக்கும் அவசரம் யாருக்கும் இல்லை. நிறுத்தங்களில் ஜனங்கள் தவித்தார்கள்.

ஆகவே முதலில் எல்லா வண்டிக்கும் ஜி.பி.எஸ்., பிறகு பொது டிக்கெட், அதற்குப் பின் ஒரே ஒரு டிப்போவைச் சேர்ந்த ரூட்களில் ஒப்பந்தம் என்று போக வேண்டும். பழைய பெர்மிட்காரர்களை வெறுங்கையோடு அனுப்பினால் வழக்கில் ஆண்டுகள் போகும். அவர்கள் கூட்டு நிறுவனமாகச் சேர்ந்து முதல் சுற்று டெண்டரில் கலந்துகொள்ள, பெர்மிட்டை ஒப்படைப்பதையே தகுதியாக வைக்கலாம்.