மூன்றரை மணி மேட்ச்: வேலூரில் பாரா, டீக்கடையா, வீடா?

ஏழரை மணி மேட்ச் என்றால் வேலூரில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மொட்டை மாடியே போதும். சிக்கல் மூன்றரை மணி மேட்சில்தான். ஐபிஎல்லில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்தால் முதல் ஆட்டம் 3.30க்கு. இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்டும் நம் கடிகாரத்துக்கு 3.30தான். ஏப்ரல், மே மாதங்களில் அந்த நேரத்துக்கு காட்பாடி பாலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

என் நண்பன் பீர் குடிப்பான், எனக்கு லைம் சோடா. ஆக, எங்கள் இருவருக்கும் ஒத்துவரும் இடம் எது என்பதுதான் இந்த அலசல்.

முதலில் டாஸ்மாக் பாரைக் கழித்துவிடலாம். பகல் 12 மணிக்கே கடை திறந்துவிடுவதால் நேரம் பிரச்சினை இல்லை. ஆனால் ஷீட் போட்ட கூரை, ஈரத் தரை, ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி. டிவி இருந்தால் அதிர்ஷ்டம். வருகிறவர்கள் கட்டிங் போட்டுவிட்டு மாங்காய்த் துண்டைக் கடித்தபடி கிளம்புகிற இடம் அது. இருபது ஓவர் உட்கார்ந்து பார்க்க ஆகாது.

அடுத்து ஏசி ஹோட்டல் பார். வெயில் நேரத்தில் இதற்கு ஈடு இல்லை. கதவைத் தள்ளியதும் கண் இருட்டும், உடம்பு குளிரும், மசாலா கடலை தானாக மேஜைக்கு வரும். திரையும் பெரிது. ஆனால் ஒரு பெரிய குறை, சத்தம். நாங்கள் வழக்கமாகப் போகும் பாரில் திரையில் மேட்ச் ஓடும், ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு ஓடும். “இன்னாடா இது, பாட்டு போட்டுக்கினு மேட்ச் காட்றான்!” என்று நண்பன் புலம்புவான். “அண்ணே, கமெண்ட்ரி வைங்களேன்” என்று கேட்டால், “அந்த டேபிள்ல பாட்டு கேட்டாங்க சார்” என்று பதில் வரும். டிஆர்எஸ், அதாவது நடுவர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டு, மூன்றாவது நடுவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னணியில் தவில் அடித்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, காலிக் கிளாஸைக் கண்டால் சர்வர் பொறுக்க மாட்டார். “வேற சார்?” என்று ஓவருக்கு ஒரு முறை வந்து நிற்பார். பீர் குடிக்கிறவன் சமாளித்துவிடுவான். லைம் சோடாக்காரன் மூன்று மணி நேரத்தை ஓட்ட, வேண்டாத சில்லி சிக்கனைச் சொல்லியாக வேண்டும்.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஹோட்டல் பார்களுக்கும் சரக்கு டாஸ்மாக் வழியாகத்தான் வருகிறது. அதே 650 மில்லி பாட்டில், அதே பிராண்டுகள். கூடுதலாகக் கொடுக்கும் காசு நாற்காலிக்கும் ஏசிக்கும். மது ஜிஎஸ்டிக்குள் வராது, அதற்கு வாட். சாப்பாட்டுக்குத்தான் ஜிஎஸ்டி, பெரும்பாலான ஹோட்டல்களில் 5 சதவீதம். ஆகவே பில் இரண்டு பகுதியாக வந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயம் கிடையாது.

டீக்கடை என்று நான் சொல்வது எல்லா டீக்கடையையும் இல்லை. சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் தெருக்களின் கடைகளை. அங்கே தங்கியிருப்பவர்களில் பாதிப் பேர் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள். வாரக்கணக்கில் காத்திருக்கும் கூட்டம். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஆட்டம் என்றால் கடை வாசலே இரண்டாகப் பிரிந்துவிடும். நம் ஆட்கள் பெஞ்சில், அவர்கள் எதிர்ப்படிக்கட்டில். ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கியபடி ஒரு பெரியவர் ஒவ்வொரு சிக்ஸருக்கும் வங்காள மொழியில் ஏதோ கத்துவார். டீ மாஸ்டர் அதைவிடச் சத்தமாகத் தமிழில் பதில் கொடுப்பார். இருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது, சண்டை மட்டும் சரியாக நடக்கும். எந்த ஸ்போர்ட்ஸ் பாரும் காசு கொடுத்தாலும் இதை ஏற்பாடு செய்ய முடியாது.

குறை? வெயில்தான். ஐந்து மணி வரை தகரக் கூரை அனல் கக்கும். டிவியும் சின்னது, பவுண்டரி கோட்டில் பிடித்த கேட்சைப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் விசாரிக்க வேண்டும். அப்புறம், டீக்கு மேல் எதுவும் கிடையாது என்பதால் நண்பன் முகம் சுண்டிவிடும்.

ஆனால் சின்ன ஆட்டத்துக்கு டீக்கடைதான். 2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை, ஓவல் டெஸ்டின் கடைசி நாள். இங்கிலாந்து ஜெயிக்க 35 ரன் தேவை, நமக்கு 4 விக்கெட். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சிராஜ் கதையை முடித்து 6 ரன்னில் ஜெயித்தோம். அதற்குப் போய் பாரில் மேஜை பிடிப்பார்களா? ஒரு டீ, இரண்டு சமோசா, காரியம் முடிந்தது.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேன் இருக்கிறது, அம்மா மோர் கொடுப்பார், கமெண்ட்ரி முழுசாகக் கேட்கும். ஆனால் ஆப்பில் பார்க்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டைவிட நம் திரை பல நொடிகள் பின்தங்கும். இங்கே பந்துவீச்சாளர் ஓடிவரும்போதே சுவருக்கு அந்தப்பக்கம் “அவுட்!” என்பார்கள். அதோடு, எங்கள் வீட்டில் பீர் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

என் தேர்வு இது. சென்னையும் கொல்கத்தாவும் பகலில் மோதினால் டீக்கடை, நண்பன் எவ்வளவு முறைத்தாலும் சரி. மற்ற மூன்றரை மணி ஆட்டங்களுக்கு ஹோட்டல் பார், ஆனால் போகும் முன்பே போன் போட்டு கமெண்ட்ரி வைப்பார்களா என்று கேட்டுவிட வேண்டும். வண்டி குடிக்காதவன் கையில் இருக்கட்டும். மே 1, மகாவீர் ஜெயந்தி இரண்டும் பெரும்பாலும் ஐபிஎல் நடக்கும் நாட்களிலேயே வரும். அன்றைக்கு மது விற்கக் கூடாது என்பதால் டாஸ்மாக்கும் இருக்காது, ஹோட்டல் பாரும் இருக்காது. நண்பனும் பேசாமல் டீக்கடைக்கு வந்துவிடுவான்.