ஏஎம்ஹெச்சா, எஃப்எஸ்ஹெச்சா? ஏற்காட்டிலிருந்து இறங்கும் முன்

குழந்தைக்காகக் காத்திருக்கிற பெண்ணுக்கு டாக்டர் எழுதித் தரும் சீட்டில் ஏஎம்ஹெச் (ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்), எஃப்எஸ்ஹெச் (ஃபாலிக்கிள் ஸ்டிமுலேட்டிங் ஹார்மோன்) என்ற இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். இரண்டுமே சினைப்பையில் கருமுட்டைக் கையிருப்பு எப்படி இருக்கிறது என்று கணிக்கிற ரத்தப் பரிசோதனைகள்தான். கணிக்கிற வழி மட்டும் நேர் எதிர்.

ஏஎம்ஹெச்சைச் சுரப்பது சினைப்பையே. வளரத் தொடங்கிய சின்னச் சின்ன ஃபாலிக்கிள்களில், அதாவது கருமுட்டை வளரும் பைகளில் உள்ள செல்களிலிருந்து வருகிறது. அவை நிறைய இருந்தால் அளவும் கூடும், குறைந்தால் குறையும். எஃப்எஸ்ஹெச் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. ஃபாலிக்கிள்களை வளரச் சொல்லும் உத்தரவு அது. கையிருப்பு குறையக் குறைய பிட்யூட்டரி சத்தமாகக் கூப்பிட வேண்டியிருக்கும், எண் ஏறும். ஆக ஏஎம்ஹெச் குறைந்தாலும் எஃப்எஸ்ஹெச் ஏறினாலும் சேதி ஒன்றுதான். ‘எஃப்எஸ்ஹெச் நிறைய இருக்கு’ என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலையில் இருப்பவர்களுக்கு முதல் வித்தியாசம் நாள் கணக்கு. எஃப்எஸ்ஹெச் பார்க்க மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ரத்தம் கொடுக்க வேண்டும். ஏற்காட்டுப் பக்கத்து நாகலூரிலிருந்து வருகிற பெண் வயிற்றுவலியோடு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸில் இறங்கி வரவேண்டும். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாகி லேப் மூடியிருந்தால் அடுத்த மாதம்தான். ஏஎம்ஹெச்சுக்கு இந்தத் தொல்லை இல்லை, எந்த நாளிலும் கொடுக்கலாம். விலை அதற்குத்தான் அதிகம், ஆனாலும் மலையிலிருந்து வருபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். வெறும் வயிறு இரண்டுக்கும் வேண்டாம். கூடவே சுகர் பார்க்கச் சொல்லியிருந்தால் தவிர, இட்லி சாப்பிட்டுவிட்டே இறங்கலாம்.

எஃப்எஸ்ஹெச்சைத் தனியாகப் பார்ப்பதும் அரைகுறை வேலை. அதே குழாய் ரத்தத்தில் எஸ்ட்ரடியால் என்ற பெண் ஹார்மோனையும் பார்க்க வேண்டும். எஸ்ட்ரடியால் கூடியிருந்தால் அது எஃப்எஸ்ஹெச்சை அமுக்கிவிடும், ரிப்போர்ட் நல்லதுபோலத் தெரியும். மாதத்துக்கு மாதமும் எஃப்எஸ்ஹெச் மாறும். போன மாதம் பத்துக்கு மேல் போய் இந்த மாதம் ஏழு என்று வந்தால், பழைய எண் பொய்யாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஏஎம்ஹெச் அவ்வளவாக ஆடாது. ஆனால் லேப் மாறினால், மெஷின் மாறினால் எண்ணும் மாறும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற காலத்திலும் குறைத்துக் காட்டும். திரும்பப் பார்ப்பதானால் அதே லேபில் பார்ப்பது நல்லது. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகையும் படிக்க வேண்டும். மில்லிக்கு 1 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 7.14 பிகோமோல் என்பதும் ஒரே அளவுதான்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் ரிப்போர்ட்டில் 1.0 என்று பார்த்துவிட்டு போனில் அழுதாள். “அக்கா, எனக்கு ஒரு முட்டைதான் மிச்சமா?”

“இல்லடி, அது முட்டைக் கணக்கே இல்ல. ஹார்மோன் எடை.”

அந்த 1.0 சொல்வது இவ்வளவுதான்: ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் கருத்தரிப்பு) செய்தால், ஊசிக்குக் குறைவான முட்டைகள்தான் கிடைக்கக்கூடும். தானாகக் கரு நிற்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயது வரையிலான பெண்களைக் கவனித்தார்கள். ஏஎம்ஹெச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவேதான் கருத்தரித்தார்கள். முட்டையின் தரத்தை இரண்டு பரிசோதனையும் சொல்லாது; அதற்கு வயதுதான் பெரிய அளவுகோல். ஏஎம்ஹெச் ரொம்பக் கூடுதலாக வந்தாலும் குதிக்க வேண்டாம், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்களுக்கு அப்படித்தான் வரும்.

எஃப்எஸ்ஹெச் ஜெயிக்கிற இடம் ஒன்று உண்டு. நாற்பது வயதுக்குள் மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுவிட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு முதலில் பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று. எஃப்எஸ்ஹெச் எண் 25-க்கு மேல் இருந்தால் சினைப்பை முன்கூட்டியே ஓய்கிறதா என்று டாக்டர் சந்தேகப்படுவார். அந்த இடத்தில் ஏஎம்ஹெச்சை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

மூன்றாவதாக ஸ்கேன். மாதவிலக்கின் ஆரம்ப நாட்களில் உட்புற ஸ்கேன் வைத்து இரண்டு சினைப்பையிலும் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள ஃபாலிக்கிள்களை எண்ணுவார்கள். இது செய்பவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது. ஏஎம்ஹெச்சோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு இதுவே அதிக நம்பிக்கை தருகிறது.

இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளையின் விந்துப் பரிசோதனை மறந்தே போகும். அவருக்கு மாதக் கணக்கு கிடையாது, இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டால் போதும். ஆனால் வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்து வருகிறேன் என்று சொன்னால் விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டிய மாதிரி அது, மலை இறங்கவே அந்த நேரம் சரியாகிவிடும். அவரையும் அதே பஸ்ஸில் ஏற்றி, சேலத்து லேபிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.