ஆர்டுயினோ ஊனோவா, பிசாக் 5எல்பியா?

இரண்டும் ப்ரோகிராம் எழுதி விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்க உதவுபவை; ஊனோ ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, பிசாக் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப். கைதட்டினால் நிறம் மாறும் விளக்கு ஒன்று செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மைக்கிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். ஊனோ ஆர்3-இல் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி 10 பிட். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்தால் ஒரு படியே ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். மைக் பிடிக்கும் சத்தமெல்லாம் ஒன்றிரண்டு படிக்குள் அடங்கிவிடும். வெளியே சிக்னலைப் பெருக்க ஓர் ஆப்ஆம்ப், அதைச் சுற்றி ரெசிஸ்டர்கள் என்று பிரெட்போர்டில் வயர்க்காடு வளர்த்தே ஆகவேண்டும்.

பிசாக் 5எல்பியில் அந்தப் பெருக்கி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பிசாக் கிரியேட்டர் மென்பொருளில் அதை இழுத்துப் போட்டு, கோடு வரைந்து கம்பேரட்டரோடு (சிக்னல் ஓர் அளவைத் தாண்டியதா என்று பார்க்கும் பகுதி) இணைத்தால், கைதட்டும்போது பிராசசரைக் கூப்பிடும் இன்டரப்ட் வரும். அதுவரை பிராசசர் விளக்கைக் கவனிக்கலாம். மைக்குக்கு பயாஸ் (அது இயங்கத் தேவையான நிலையான மின்னழுத்தம்) தரும் ஓரிரு பாகங்கள் மட்டும் வெளியே. கெயின் (பெருக்கும் அளவு) போதவில்லையா? சால்டரிங் அயர்னைத் தேட வேண்டாம், ஓர் எண்ணை மாற்றினால் சரி. 50 மடங்கு வரை போகலாம். முதல்முறை இதைச் செய்தபோது ஏதோ ஏமாற்றுவேலை போலத்தான் எனக்குத் தோன்றியது.

ஆனால் பிசாக் கிரியேட்டர் விண்டோஸில் மட்டுமே ஓடும். டேட்டாஷீட் (சிப்பின் விவரக் கையேடு) படிக்கப் பொறுமையும் வேண்டும். எல்இடி பட்டை, சர்வோ மோட்டார் எதுவானாலும் ஊனோவுக்கு ரெடிமேட் லைப்ரரி (ஏற்கெனவே எழுதிவைத்த கோட்) கிடைத்துவிடும். பட்டன், விளக்கு, மோட்டார் அளவிலான வேலைக்கு நான் இன்றும் ஊனோவைத்தான் எடுக்கிறேன். சின்ன சிக்னல் என்று வந்துவிட்டால் பிசாக்தான்.