வீட்டில் எஸ்எம்டி சால்டரிங்: பல ஆண்டுப் பயன்பாட்டில் எது தேறியது, எது தேறவில்லை

எஸ்எம்டி என்பது போர்டின் துளையில் கால் நுழைக்காமல் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறு பாகம். அதில் 0603 என்ற அளவுள்ள ரெசிஸ்டர் 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம்தான். அதைப் பார்த்ததும் கை நடுங்குமே என்று பலர் பின்வாங்குகிறார்கள். ஈயம் (சால்டர்) உருகும்போது அதன் பரப்பு இழுவிசையே பாகத்தைப் பேடின் (அது ஒட்ட வேண்டிய செம்புத் திட்டின்) நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், கை சற்று பிசகினாலும் பரவாயில்லை. அதற்கு ஃப்ளக்ஸ் (உலோகத்தின் மங்கலை நீக்கி ஈயத்தைப் பரவவிடும் பசை) நன்றாக இருக்க வேண்டும், இரண்டு முனைக்கும் சூடு ஒரே நேரத்தில் போக வேண்டும். அதனால் காசு போடுவதிலும் ஃப்ளக்ஸுக்கும் அயர்னின் நுனியான டிப்புக்கும்தான் முதலிடம்.

அயர்னில் டி12 டிப் போடும் ஸ்டேஷன் நீண்ட நாள் தாங்குகிறது. ஹீட்டரும் வெப்ப உணரியும் டிப்புக்குள்ளேயே இருப்பதால், கிரவுண்ட் பிளேனோடு (கிரவுண்டுக்கான அகலச் செம்புப் பரப்போடு) சேர்ந்த பெரிய பேடைத் தொட்டாலும் இறங்கிய சூடு உடனே ஏறிவிடும். ஊசிமுனை டிப் வேண்டாம், அதில் ஈயமும் நிற்காது, சூடும் பாயாது. சரிவாக வெட்டிய 2 மி.மீ. டிப் ஒன்றே பெரும்பாலான வேலைக்குப் போதும். 63/37 ஈயத்துக்கு (63% வெள்ளீயம், 37% ஈயம்) 320 முதல் 340 டிகிரி வையுங்கள். டிப்புகள் பெரும்பாலும் 380 டிகிரியில் சும்மா கிடந்து கருத்தே கெடுகின்றன. நுனியில் ஈயம் பூசிவிட்டுத்தான் அணைக்க வேண்டும். மலிவு ஸ்டேஷன்களின் எர்த்தை அப்படியே நம்பாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் எர்த் பின்னுக்கும் டிப் நுனிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 2 ஓமுக்குள் காட்ட வேண்டும்.

0.5 மி.மீ. இடைவெளிக் கால்கள் கொண்ட ஐசிக்கு முதலில் எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டை மட்டும் ஒட்டி, நேராக இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்துவிடுங்கள். பிறகு கால்வரிசை முழுக்க ஜெல் ஃப்ளக்ஸ் தடவி, டிப்பில் சிறு துளி ஈயம் எடுத்து மெல்ல இழுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசி இரண்டு கால்கள் ஈயத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிட்ஜ் விழுவது வழக்கம். டிப்பைத் துடைத்து, ஃப்ளக்ஸ் மறுபடி வைத்து, காலின் போக்கிலேயே வெளிப்பக்கம் இழுத்தால் மிச்ச ஈயம் டிப்போடு வந்துவிடும். ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலான விக் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் அதற்கும் ஃப்ளக்ஸ் தடவுங்கள். கடலோர ஊர்க் காற்றில் செம்பு மங்கிய விக் ஈயத்தை உறிஞ்சாது.

அதிகம் ஏமாற்றுவது, ஈயத்தூளும் ஃப்ளக்ஸும் கலந்த சால்டர் பேஸ்ட்தான். ஃபிரிட்ஜில் 2 முதல் 10 டிகிரிக்குள், சாப்பாட்டுப் பொருளோடு சேராமல் தனி மூடிய டப்பாவில் இருக்க வேண்டும்; அதில் ஈயம் இருக்கிறது. எடுத்த கையோடு திறந்தால் சென்னை மாதிரி ஈரக்காற்றில் பேஸ்டின் மேல் நீர் படியும், சூடாகும்போது அது தெறித்துச் சின்னச் சின்ன ஈய உருண்டைகளாகச் சிதறும். மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். டப்பாவைவிடச் சிரிஞ்சில் வருவது நல்லது, காற்று குறைவாகவே படும். உருகிய பிறகும் பளபளக்காமல் திராட்சைக் கொத்துபோலத் திரண்டு நின்றால் அந்த பேஸ்டின் காலம் முடிந்தது என்று பொருள். மேலே ஃப்ளக்ஸ் போட்டு ஒருமுறை ஒப்பேற்றலாம், அடுத்த போர்டுக்கு அது ஆகாது.

138 டிகிரியில் உருகும் பிஸ்மத் பேஸ்ட் பிளாஸ்டிக் கனெக்டர்களுக்கும் எல்இடிக்கும் வசதி. ஆனால் ஏற்கெனவே 63/37 போன்ற ஈயக் கலவை உள்ள போர்டில் அதை வைக்கவே கூடாது. வெள்ளீயம், ஈயம், பிஸ்மத் மூன்றும் கலந்தால் 96 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கும் கலவை உண்டாகலாம். சூடாகும் வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி ஒன்று தன் சூட்டிலேயே ஒட்டு விட்டுப் போவதற்கு இது போதும்.

ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) 300 முதல் 350 டிகிரியில், பாகத்துக்கு 2, 3 செ.மீ. உயரத்தில், வட்டமாகச் சுழற்றியபடி. காற்றைக் குறைத்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் 0603-ஐவிடச் சிறிய 0402 பாகம் பறந்துவிடும். சீலிங் ஃபேனை நிறுத்தாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்: ஒரு பக்கம் ஆறி, மறுபக்கம் உருகி, ரெசிஸ்டர் ஒற்றைக்காலில் நின்றுவிடும். செராமிக் கெபாசிட்டரில் முதலில் போர்டைச் சுற்றிச் சூடேற்றிவிட்டே அருகில் வர வேண்டும். திடீர்ச் சூட்டில் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, மாதங்கள் கழித்து ஷார்ட்டாக வெளிப்படும். முடிந்ததும் ஹேண்டிலை ஸ்டாண்டில் வைத்து, காற்று ஓடி ஆறும்வரை மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் இடங்களில் ஹீட்டர் சீக்கிரம் போவதற்கு இந்த ஆறாத சூடே காரணமாகிறது.

ஒரே பக்கம் பாகம் உள்ள போர்டுக்கு ஹாட் பிளேட்தான் என் முதல் தேர்வு. 0.12 மி.மீ. ஸ்டென்சிலில் (பேடுகளின் இடத்தில் மட்டும் திறப்புள்ள மெல்லிய தகட்டில்) 63/37 பேஸ்ட் தேய்த்து, பாகங்களை வைத்து, 150 டிகிரியில் ஒன்றரை நிமிடம், பிறகு 215 அளவுக்கு. எல்லாம் பளபளத்தபின் அரை நிமிடம் விட்டு அணைத்தால் போதும். கால் வெளியே நீளாமல் அடிப்பக்கமே ஒட்டும் க்யூஎஃப்என் ஐசியின் நடுப் பேடில் பேஸ்ட் முழுதாக நிரம்பினால் ஐசி மிதந்து ஓரத் தொடுமுனைகள் ஒட்டாமல் போகும். ஸ்டென்சிலில் அந்த இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, பாதியைவிடச் சற்று கூடுதல் பரப்பை மட்டும் திறந்துவிடுங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கவும். பீப் வந்து, ஷார்ட் எங்கே என்று கண்ணில் படாவிட்டால், சூடான கருவிகளையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, போர்டின் மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹால் மெல்லப் பூசி, கரண்ட் லிமிட் வைத்த சப்ளையிலிருந்து 1 வோல்ட் கொடுங்கள். எந்த இடம் முதலில் காய்கிறதோ, ஷார்ட் அங்கேதான்.