வியாபார அனுமதிப்பத்திரமும் தகவல் உரிமைக் கடிதமும்: ஒரு சேவை மதிப்பீடு

இலங்கையின் கிழக்கே களுவாஞ்சிக்குடியிலோ திருக்கோவிலிலோ உணவகம், பேக்கரி, சலூன் நடத்துபவர் வருடா வருடம் பிரதேச சபைக்குப் போய் வியாபார அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். கேட்ட தொகை கூடிவிட்டால் "சட்டம் அப்படி" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்தச் சட்டத்தைக் கடதாசியில் வாங்கிப் பார்ப்பதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.). 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. சரியாகக் கேட்டால் நன்றாகவே வேலை செய்கிறது. பிழையாகக் கேட்டால் ஒரு மாதம் வீண்.

விண்ணப்பப் படிவம் ஆர்.டி.ஐ. 01. படிவம் இல்லையென்று திருப்பி அனுப்ப முடியாது, வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமும் செல்லும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அலுவலகத்தில் இதற்கென உள்ள தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. 2017 ஒழுங்குவிதிகளின்படி ஏ4 பிரதிக்கு ஒரு பக்கம் 2 ரூபா, முதல் நான்கு பக்கம் இலவசம்.

பெரும்பாலான கடிதங்கள் கேள்வியில்தான் கெட்டுப்போகின்றன. "என் கடைக்கு ஏன் இவ்வளவு கட்டணம்?" என்று எழுதினால் அது முறைப்பாடு; விளக்கம் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டுக் கோவையை மூடிவிடுவார்கள். இந்தச் சட்டம் தருவது அலுவலகத்தின் கையில் உள்ள ஆவணத்தை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: "இவ்வருடத்துக்கான அனுமதிப்பத்திரக் கட்டணத்தை நிர்ணயித்த சபைத் தீர்மானத்தின் பிரதி. அது வெளியான வர்த்தமானியின் இலக்கமும் திகதியும். உணவகங்களுக்குப் பொருந்தும் உபவிதியின் பிரதி. எனது கடையின் வருடாந்தப் பெறுமதி பதியப்பட்ட பக்கத்தின் பிரதி." நான்கே வரி. (உபவிதி என்பது சபை தானே ஆக்கும் உள்ளூர் விதி.) ஒரு கடிதத்தில் இருபது கேள்வி அடுக்கினால் கால நீடிப்புக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள்.

கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 149ஆம் பிரிவு கட்டணத்தை வருடாந்தப் பெறுமதியோடு (கடை இடத்துக்கு ஒரு வருடத்தில் கிடைக்கக்கூடிய வாடகை என்று மதிப்பிட்ட தொகை) கட்டிவைத்திருக்கிறது: 750 ரூபா வரை என்றால் உச்சம் 500, 1,500 வரை என்றால் 750, அதற்கு மேல் 1,000 ரூபா. சுற்றுலா அதிகாரசபையில் பதிந்த ஹோட்டல்களின் கணக்கு வேறு. அனுமதிப்பத்திரமும் தேவைப்படாத, 150ஆம் பிரிவின் வரியும் பொருந்தாத வியாபாரத்துக்கு 152ஆம் பிரிவின் வரி, முந்தைய வருட வருமானத்தின்படி. அதற்கு உச்சம் 3,000. பற்றுச்சீட்டில் ஒரே தொகையாக இதைவிடக் கூட இருந்தால் குப்பைக் கட்டணம், படிவக் கட்டணம் போன்றவை உள்ளே கலந்திருக்கலாம். பிரித்துக் காட்டும் ஆவணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். மாநகர சபை எல்லைக்குள் உள்ள கடைகளுக்கு இந்தத் தொகைகள் பொருந்தாது, அவற்றுக்குத் தனிக் கட்டளைச்சட்டம் உண்டு.

உறையில் ஆளின் பெயரை எழுதாதீர்கள்; இடமாற்றம் வந்தால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். "தகவல் அலுவலர்" என்று பதவியை எழுதுங்கள். அப்படி ஒருவர் நியமிக்கப்படவில்லை என்றால் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலராகக் கொள்ளப்படுவார். கையில் கொடுத்தால் அங்கேயே கிடைத்ததற்கான எழுத்துச் சான்று வாங்க வேண்டும். இந்தச் சேவையின் மிகப் பலவீனமான இடம் இதுதான். "வச்சிட்டுப் போங்க, பார்ப்பம்" என்றால் நகலில் திகதி முத்திரை கேளுங்கள், மறுத்தால் பதிவுத்தபால். அந்தத் துண்டு இல்லாமல் எந்த நாளில் இருந்து எண்ணுவது?

எண்ணிக்கை இப்படி. தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலைநாளுக்குள். தருவதென்றால் அடுத்த 14 நாளுக்குள் ஆவணம். கூடினால் 21 நாள் நீடிப்பு, அதற்கும் காரணம் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பவர்) ஆர்.டி.ஐ. 10 படிவத்தில் மேன்முறையீடு. சனி, ஞாயிறு, போயா எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அந்த அலுவலர் முடிவு சொல்ல மூன்று கிழமை. அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. அங்கே பொறுமை வேண்டும். முதல் கடிதத்தின் நகல், தபால் துண்டு, பதில்கள் எல்லாம் ஒரே கோவையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மொழியிலும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அம்பாறை நகரத்து அலுவலகமானாலும் தமிழில் எழுதி, "பதில் தமிழில் தேவை" என்று கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள். சிங்களத்தில் பதில் வந்தால் அதையும் மேன்முறையீட்டில் குறிப்பிடலாம்.

அனுமதிப்பத்திரத்தையே மறுத்திருந்தால் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவைப் பிடியுங்கள். ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுத்த உத்தியோகத்தர் அந்த முடிவுக்கான காரணத்தை அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. கடிதத்தில் பிரிவின் இலக்கத்தையும், மறுப்பு வந்த திகதியையும், எந்த உபவிதியின் கீழ் என்ற கேள்வியையும் எழுதுங்கள்.